வெளியீட்டு விழாவுக்கு அடுத்த நாள்

யாழ்ப்பாணத்தில் நூல் எழுதுகின்றவர்களிற் பெரும்பாலானோர் தமது நூலுக்குத் தாமே பதிப்பாளராகவும் இருக்கின்றனர். தட்டச்சு, மெய்ப்புத் திருத்தம், பக்க வடிவமைப்பு, அச்சகத்துக்கு முற்பணம், அட்டைப்பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்குவது என எல்லாம் எழுதியவரின் பொறுப்பாகவே அமைகின்றன. இது இந்த மண்ணுக்குப் புதிதும் அன்று. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய காலத்திலிருந்தே எழுதுவதும் பதிப்பிப்பதும் ஒருவரே செய்யும் வேலைகளாக இங்கு இருந்து வந்துள்ளன. ஆனால் அச்சான நூலை அதற்கு உரிய வாசகரிடம் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதை எவரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. குடாநாட்டின் கிணறுகள், கேணிகள், குளங்கள் பற்றி நான் எழுதிய கட்டுரை நூலை என் சொந்தச் செலவில் 500 பிரதிகள் அச்சிட்டு, அவற்றை வாசகர் கைகளுக்குக் கொண்டு சென்றபோது கற்றவற்றை, இதே வேலையில் இறங்கவிருக்கும் பிறருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கு எழுதுகிறேன்.

முதலில், நூல் அச்சகத்துக்குப் போவதற்கு முன்பே செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. இந்த நூல் யாருக்கு வேண்டியது என்பதைப் பெயர் பெயராக எழுதிப் பார்ப்பதே அது. 'தமிழ் வாசகர்கள்' என்று எழுதினால் அது எவரையும் குறிக்காது. என் பட்டியலில் புவியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், கமக்காரர் அமைப்புகளின் செயலாளர்கள், கேணி உள்ள கோயில்களின் தர்மகர்த்தாக்கள், நீர்வழங்கல் துறையில் வேலை செய்யும் பொறியியலாளர்கள், துலா என்னும் கிணற்று ஏற்றத்தால் நீர் இறைத்த வீட்டில் பிறந்து இன்று ரொறன்ரோவில் வாழ்பவர்கள் ஆகியோர் இருந்தார்கள். இவர்களிற் பலர் இலக்கியக் கூட்டங்களுக்கு வருபவர்கள் அல்லர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாமல் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே நம்பி வாழும் ஒரு நிலத்தில், கிணற்றைப் பற்றிய நூல் தமக்கு வேண்டியது என்று அவர்களே உணர்வார்கள். அப்படி ஒரு நூல் வந்திருக்கிறது என்பதை மட்டும் நாம் அவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். கவிதையோ சிறுகதையோ எழுதுபவர்கள், தமது நூலுக்கு இப்படி ஒரு பட்டியல் போட முடியாது என்று என்னிடம் சொல்வதுண்டு. நான் அதை ஏற்றுக்கொள்வதில்லை. நெடுந்தீவில் நடக்கும் கதைக்கு நெடுந்தீவார் இருக்கிறார்கள். தாதியர் வாழ்க்கையைப் பேசும் கவிதைக்குத் தாதியர் இருக்கிறார்கள். ஊரும் தொழிலும் அற்ற எழுத்து எம்மிடையே மிகக் குறைவு.

வெளியீட்டு விழாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் நமது உழைப்பிலும் பணத்திலும் பெரும்பகுதி அங்கேதான் செலவாகிறது. மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், நயப்புரை, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை என்ற ஒழுங்கு எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன்; ஒரு நூல் பிறந்திருக்கிறது என்பதை ஊர் கூடி ஏற்றுக்கொள்ளும் வழக்கம் வேறு பல இடங்களில் இல்லை. ஆயினும் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் விழா இருள் சூழும்வரை நீளும்போது, நூலின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசவேண்டிய ஆய்வுரையாளர் எழும் நேரத்தில் பாதி இருக்கைகள் வெறுமையாகிவிடுகின்றன. பேருந்தைப் பிடிக்கவேண்டியவர்கள் எழுந்து போவதில் குறை சொல்லவும் முடியாது. எனவே நான் ஆசியுரைகளை ஒன்றாகக் குறைத்து, வரவேற்புரையை அடுத்து உடனேயே ஆய்வுரையை வைத்தேன். ஆய்வுரை நிகழ்த்தியவரிடம் நூலைப் போதிய காலத்துக்கு முன்பே கொடுத்து, குறைகளையும் மறைக்காமற் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் அதைத்தான் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். நூலின் நிறைகளை மட்டும் அடுக்கும் உரை, கேட்பவரிடத்தில் நூலைத் திறந்து பார்க்கும் விருப்பத்தை எழுப்புவதில்லை.

விழாவின் நுழைவாயிலில் ஒரு மேசை இருக்கும். வருபவர்கள் அன்பளிப்புப் பணத்தை உறையிலிட்டு, உறையின் மேல் பெயரை எழுதிக் கொடுத்து, நூலைப் பெற்றுச் செல்வார்கள். அந்த உறைகளைப் பணம் எடுத்த கையோடு எறிந்துவிடுவது வழக்கம். நான் மேசையில் இருந்த மாணவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஒவ்வொருவரின் பெயரோடு ஊரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு எழுதச் சொன்னேன். அவர் கேட்கும் விதத்தில் பணிவு இருக்கவேண்டும் என்பதற்காக, "அடுத்த கூட்டத்துக்கு உங்களுக்கு அறிவிக்கலாமோ?" என்ற வாக்கியத்தையும் சொல்லிக்கொடுத்திருந்தேன். விருப்பமில்லாதவர்களின் இலக்கம் எழுதப்படவில்லை. அந்தக் கொப்பிதான் பின்னர் எனக்கு எல்லா விளம்பரங்களையும்விடப் பெரிய துணையாயிற்று. நூலை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் ஒருவர் தனது நண்பருக்குச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இணையான அறிவித்தல் எதையும் நான் கண்டதில்லை. விழா முடிந்து சில வாரங்களின் பின், அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, நூலில் எந்தப் பகுதியை வாசித்தீர்கள் என்று கேட்டுச் செய்தி அனுப்பினேன். வாங்குங்கள் என்றோ வாங்கச் சொல்லுங்கள் என்றோ எழுதவில்லை. பலர் தமது வீட்டுக் கிணற்றின் கதையை எனக்கு எழுதினார்கள். சிலர் கூடவே இன்னும் ஒரு பிரதி கேட்டார்கள்.

புத்தகசாலையில் நூலை வைப்பது அடுத்த வேலை. இதில் நூலின் தோற்றமே பாதி விளம்பரம் என்பதை ஒரு புத்தகசாலையின் பணியாளர் எனக்கு ஒரே வாக்கியத்தில் விளக்கினார். வேறொருவரின் மெல்லிய கவிதை நூலை அடுக்கிலிருந்து இழுத்துக் காட்டி, "சேர், முதுகிலை பேர் இல்லாட்டி இதை ஆர் தேடி எடுக்கப் போயினம்?" என்று கேட்டார். அடுக்கில் நிற்கும் நூலின் முதுகு மட்டுமே வாசகருக்குத் தெரியும். கம்பி அடித்துத் தைத்த மெல்லிய நூலுக்கு முதுகே இருப்பதில்லை. இரண்டு தடித்த நூல்களுக்கு நடுவே அது மறைந்துவிடுகிறது. ஆகவே பக்கங்கள் குறைவாக இருந்தாலும் சற்றுத் தடித்த தாளைப் பயன்படுத்தி, ஒட்டுக்கட்டு முறையில் கட்டி, முதுகில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தெளிவாக அச்சிடுவது அவசியம். சர்வதேச தர நூல் எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபையிடமிருந்து முன்கூட்டியே பெற்று, பின்னட்டையில் பட்டைக்குறியோடு அச்சிடவேண்டும். இலங்கை நூல்களுக்கு 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் எண் கிடைக்கும். நூலகங்களும் பெரிய புத்தகசாலைகளும் இந்த எண்ணைக் கொண்டே நூலைப் பதிவு செய்கின்றன.

விலை நிர்ணயிக்கும்போது புத்தகசாலைக் கழிவை மறந்துவிடக்கூடாது. 35 வீதம் கழிவு என்று வைத்துக்கொண்டால், 800 ரூபா விலையுள்ள நூல் ஒன்று விற்கும்போது 280 ரூபா கடைக்கும் 520 ரூபா எழுத்தாளருக்கும் சேரும். அச்சுச் செலவு 520 ரூபாவை நெருங்குமானால், கடையில் நூல் விற்க விற்க நமது கைப்பணம் திரும்புமே தவிர அடுத்த நூலுக்கு எதுவும் மிஞ்சாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தாளுக்கே தட்டுப்பாடு வந்தபின், அச்சகங்கள் தரும் விலைமதிப்பு நெடுநாள் செல்லுபடியாவதில்லை என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். அத்துடன், விற்ற பின் பணம் என்ற அடிப்படையில் நூல்களைக் கொடுக்கும்போது, எத்தனை பிரதிகள், என்ன கழிவு, எப்போது கணக்குப் பார்ப்பது என்பவற்றை எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்ட தாள் ஒன்று இருக்கவேண்டும். ஓர் இடத்தில் என் நூல்கள் விற்றுத் தீர்ந்த பின்னரும் பணம் வருவதற்கு மிகவும் தாமதமாயிற்று. தாள் இருந்தமையால்தான் மனக்கசப்பு இல்லாமல் கேட்டுப் பெற முடிந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கிளைகள் கொண்ட பூபாலசிங்கம் போன்ற புத்தகசாலையில் நூல் இருந்தால், தென்னிலங்கையிலும் மலையகத்திலும் உள்ளவர்களுக்கு எங்கே வாங்கலாம் என்று சொல்வது எளிதாகிவிடும். கடைகளை அதிகரிப்பதைவிட, நாம் மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கக்கூடிய சில கடைகளில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நமக்குக் கதவு திறந்தே வைத்திருக்கின்றன. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்புவது பழைய வழக்கம். ஆனால் வெறும் பிரதிகளை அனுப்புவதைவிட, நூல் எதைப் பற்றியது, அதில் புதிதாக என்ன இருக்கிறது, விலை, கிடைக்கும் இடம் ஆகியவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதி, அட்டைப்படத்தோடு மின்னஞ்சலிலும் அனுப்பிவைத்தால் ஆசிரியபீடத்தின் வேலை எளிதாகிறது. நாளேடுகளின் ஞாயிறு இதழ்களுக்கு நூலிலிருந்து தன்னளவில் முழுமையான ஒரு கட்டுரையைக் கொடுப்பது இன்னும் பயன் தரும். என் நூலில், மாடுகள் உடலை உரசிக்கொள்ள நட்ட ஆவுரோஞ்சிக்கல்லையும் தெருவுக்கு மேலாகக் கூரையிட்டுக் கட்டிய தெருமூடிமடத்தையும் பற்றிய பகுதி அவ்வாறு வெளிவந்த பின்னர்தான், நான் அறியாத ஊர்களிலிருந்து அழைப்புகள் வந்தன. அல்வாயிலிருந்து 2007 முதல் வெளிவரும் ஜீவநதி போன்ற சஞ்சிகைகளின் வாசகர் தொகை சிறிதாயினும், அவர்கள் நூலை வாசித்து முடிப்பவர்கள். அங்கு வரும் ஒரு மதிப்புரை ஆண்டுகள் கடந்தும் மேற்கோள் காட்டப்படுகிறது.

விற்பனைக்காக நேரிற் போவதில் வெட்கப்பட வேண்டியதில்லை. 1966இல் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழ்களைத் தாமே சுமந்து சென்று வாசகரை நேரிற் கண்டு விற்றார் என்பதை எங்கள் மூத்தவர்கள் இன்றும் மதிப்போடு சொல்வார்கள். நூலைக் கையில் கொடுத்து விற்பவர், யார் எதற்காக அதை வாங்குகிறார் என்பதை நேரிலேயே அறிந்துகொள்கிறார். கடையில் வைத்துவிட்டு வருபவருக்கு அந்த அறிவு கிடைப்பதில்லை.

எங்கள் ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருப்பது ஒரு பெரும் வாய்ப்பு. காலையிற் பத்திரிகை பார்க்க வருபவர்கள் அங்கே ஊர் விடயங்களையும் பேசிவிட்டுத்தான் போவார்கள். என் நூலில் எந்தெந்த ஊர்களின் கிணறுகளும் கேணிகளும் பேசப்பட்டனவோ அந்தந்த ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒரு பிரதியை இலவசமாகக் கொடுத்து, அந்த ஊர் பற்றிய பக்கத்தில் ஓர் அடையாளத் தாளையும் வைத்தேன். உரும்பிராய்ப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்யும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார். நூலை விரித்து, நான் வரைந்திருந்த துலாவின் படத்தின் மேல் விரலை வைத்து, "சேர், துலாவிலை ஏறி மிதிக்கிற ஆள் பிடிக்கிறதுக்குப் பக்கத்திலை கைமரம் ஒண்டு கட்டியிருப்பம், அதை நீங்கள் கீறேல்லை" என்றார். பிறகு தனது சகோதரர்களுக்கென்று மேலும் பிரதிகள் வாங்கினார். அவருடைய ஊரிலேயே ஒரு மாலை நேரக் கலந்துரையாடலை அவரே ஒழுங்கு செய்தார். மேடையும் மாலையும் இல்லாத அந்தக் கூட்டத்தில், பாய்களில் அமர்ந்திருந்தவர்கள் நூலிலுள்ள இறைப்பு முறைகளைப் பற்றி ஒருவரோடொருவர் விவாதித்தார்கள். விற்ற பிரதிகளின் எண்ணிக்கையில் அது நகரத்து விழாவுக்கு இணையாகாவிட்டாலும், வாசிக்கப்பட்ட பிரதிகளின் எண்ணிக்கையில் அதை மிஞ்சியது என்றே நம்புகிறேன். நூலில் பேசப்பட்ட ஊருக்கே நூலை எடுத்துச் செல்வது இத்துறையில் நான் அறிந்த மிகச் சிறந்த வழி.

பாடசாலைகளைப் பொறுத்தவரை, ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதை நினைவில் வைத்திருக்கவேண்டும். அம்மாதத்தில் பாடசாலைகளும் பிரதேச சபை நூலகங்களும் எழுத்தாளரை அழைக்க விரும்புகின்றன. ஆனால் ஒக்டோபரில் கேட்டால் காலம் கடந்துவிடும். செப்டெம்பர் தொடக்கத்திலேயே அதிபருக்கும் நூலகருக்கும் கடிதம் கொடுத்துவிடவேண்டும். மாணவர் முன்னிலையில் நூலை விற்பதை நான் விரும்புவதில்லை. நூலகத்துக்கு ஒரு பிரதியைக் கொடுத்து, பிள்ளைகளோடு பேசிவிட்டு வந்தால் போதும். வாங்க விரும்பும் ஆசிரியர்கள் தாமாகவே கேட்பார்கள். நான் அணுகிய நூலகங்கள் தமது கொள்வனவைப் பெரும்பாலும் புத்தகசாலைகள் ஊடாகவே செய்தன. ஆகவே நூலகரிடம் நூலை அறிமுகப்படுத்தும்போது எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களைச் சென்றடைவதில் முதலாவது தடை தபாற்செலவு. ஒரு நூலை வான்வழித் தபாலில் கனடாவுக்கு அனுப்பும் செலவு நூலின் விலையையே மிஞ்சிவிடுகிறது. அதற்கு எங்கள் ஊரிலேயே தீர்வும் இருக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தின் 25 நாட்களையும் ஒட்டி, யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாட்டு விடுமுறையில் வருபவர்கள் திரும்பிப் போகும்போது தமது பயணப்பொதியில் மிளகாய்த்தூளோடும் பனாட்டோடும் நாலைந்து நூல்களையும் வைக்கத் தயங்குவதில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு தொகுதியைச் சேர்த்துவிட்டால், அந்நாட்டுக்குள் அனுப்புவதையும் பணம் சேர்ப்பதையும் அவர் பார்த்துக்கொள்வார்.

அவர்களுக்கு அறிவிக்கும் வழி, கல்லூரிப் பழைய மாணவர் சங்கங்களினதும் ஊர்ச் சங்கங்களினதும் வாட்ஸ்அப் குழுக்களே. இங்கு கவனிக்கவேண்டியவை சில உண்டு. வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் வழியே அனுப்பும் செய்தி, நமது இலக்கத்தைத் தமது தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும்; எனவே முதலில் தனிச்செய்தி அனுப்பி, இலக்கத்தைச் சேமிக்கும்படி கேட்கவேண்டும். குழுக்களில் நாம் நேரடியாக நூல் அட்டையைப் போடுவதைவிட, அக்குழுவில் மதிக்கப்படும் ஒருவர் தாம் வாசித்த பக்கத்தைப் பற்றி எழுதுவது நன்மை தரும். நேரமும் முக்கியம். கோடைகாலத்தில் யாழ்ப்பாணத்தில் இரவு 8 மணி என்றால் லண்டனில் பிற்பகல் 3.30, ரொறன்ரோவில் முற்பகல் 10.30. மூன்று இடத்தாரும் விழித்திருக்கும் அந்த நேரத்தையே நான் பயன்படுத்தினேன். முகநூலில் அட்டைப்படத்தைத் திரும்பத் திரும்பப் பகிர்வது மக்களைச் சலிப்படையச் செய்யும். கிணற்றுக் கட்டின் பழைய புகைப்படம் ஒன்றை இட்டு, அதன் கீழ் நூலிலிருந்து ஒரு பந்தியை எழுதி, கடைசி வரியில் நூல் கிடைக்கும் இடத்தைச் சொன்னபோது, அதே மக்கள் தமது நினைவுகளை எழுதினார்கள், கேள்வி கேட்டார்கள், வாங்கினார்கள். ஆய்வுரையின் ஒளிப்பதிவிலிருந்தும் முழு உரையைவிட இரண்டு நிமிடத் துண்டே பலரால் பார்க்கப்பட்டது.

மின்னூலைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். அமேசன் நிறுவனத்தின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்கள் விற்கப்படுகின்றன. வெளிநாட்டு வாசகருக்கு அது உடனடி வழி. ஆனால் அங்கு நூல் வெளியிடுவோருக்கு உள்ள கேடிபி செலக்ட் என்ற விருப்பத் திட்டத்தில் சேரும்போது, 90 நாட்களுக்கு அந்த நூலின் மின்வடிவத்தை வேறெங்கும் தரமாட்டோம் என்று நாம் உடன்படுகிறோம் என்பதைக் கவனிக்கவேண்டும். அக்காலத்தில் ஐந்து நாட்கள் நூலை இலவசமாக வழங்கும் வசதி கிடைக்கும். ஊர்ச் சங்கமொன்றின் ஒன்றுகூடல் நடக்கும் வார இறுதியில் அதைப் பயன்படுத்தினால் வாசகர் தொகை பெருகும். அச்சுப்பிரதிக்கு இந்த உடன்பாடு தடையில்லை. மறுபுறம், 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் ஆவணப்படுத்திவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கு நூலைக் கொடுப்பது ஒவ்வொரு எழுத்தாளரும் செய்யவேண்டியது என்றே கருதுகிறேன். 1981இல் எரிந்த பொது நூலகத்தின் ஊரில் வாழும் நமக்கு, நூலின் ஒரு வடிவம் நெருப்புக்கு எட்டாத இடத்தில் இருப்பதன் பெறுமதியை எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது: முதலில் கிண்டில், அந்த ஒப்பந்தக்காலம் முடிந்து புதுப்பித்தலை நிறுத்திய பின் எண்ணிம நூலகம் என்ற ஒழுங்கே பொருத்தமானது. இலவசமாகக் கிடைத்தால் அச்சுப்பிரதி விற்காது என்ற அச்சம் பலருக்கு உண்டு. முதற்பதிப்பின் பெரும்பகுதி விற்ற பின் கொடுத்தால் அந்த இழப்பு சிறிதே. ஆய்வாளர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் நம்மைத் தேடிவரும் வழி அதனால் திறக்கிறது.

விருதுகளுக்கு விண்ணப்பிப்பதிலும் தயக்கம் வேண்டாம். அரச சாகித்திய விருதும் மாகாண மட்டப் பரிசும் பெரும்பாலும் முந்திய ஆண்டில் முதன்முதலாக வெளியான நூல்களையே கவனத்தில் எடுக்கின்றன. ஆகவே நூலின் பதிப்பு விபரப் பக்கத்தில் ஆண்டும் மாதமும் சரியாக அச்சிடப்பட்டிருக்கவேண்டும். விண்ணப்பத்தோடு கேட்கும் பிரதிகளையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடவேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும்போது, நூல் அச்சகத்திலிருந்து எப்போது வரவேண்டும் என்பதும் தெளிவாகிறது. மார்கழியில் அச்சான நூல் மழைக்குள் சிக்கிக்கொள்ளும். கூட்டங்களுக்கு ஆட்கள் வருவது கடினம், ஆண்டு மாறியதும் நூல் பழையதாகவும் கருதப்படும். யூன் மாத முடிவுக்குள் பிரதிகள் கையில் இருந்தால், யூலையில் வெளியீடும் ஊர்க்கூட்டங்களும், நல்லூர்க் காலத்தில் புலம்பெயர்ந்தோர் சந்திப்பும், செப்டெம்பரில் பாடசாலைக் கடிதங்களும், ஒக்டோபரில் வாசிப்பு மாத நிகழ்வுகளும் ஒன்றையடுத்து ஒன்றாக அமையும். அச்சகங்களில் வேலை நெருக்கடி இருக்கும் என்பதால், திருத்திய இறுதிப் பிரதியைச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்பே ஒப்படைத்து, நூல் எண்ணுக்கான விண்ணப்பத்தை அதற்கும் முன்னதாக, பங்குனித் தொடக்கத்திலேயே கொழும்புக்கு அனுப்பிவிடுங்கள்.